அப்பா பழக்கிய லாமா

ஸ்காபரோ
17.02.1988

அன்பு மகள் பரிமளத்துக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். சென்னையில் நீயும் சித்தியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, பதில் போடவில்லை என்று கோபிக்காதே. அதற்குள் இங்கே பெரிய கூத்து நடந்துவிட்டது. அப்பாவுக்குப் பிக்கரிங் தாண்டி ஒரு பண்ணையில் வேலை என்று எழுதியிருந்தேன் அல்லவா, கோழிப் பண்ணையாக்கும் என்று நானாகவே நினைத்திருந்தேன், மனுசனும் வாய் திறக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்காரி கிளடிஸ் எங்கள் இருவரையும் குளிர்கால விழாவுக்கு வரச் சொன்னார். போய்ப் பார்த்தால் ஒரு கோழிகூட இல்லை மகள். ஒட்டகத்தின் கழுத்தும் செம்மறியாட்டின் மயிருமாக ஆறு மிருகங்கள் நின்று என்னை மேலும் கீழும் பார்க்கின்றன. லாமாவாம். அதில் ஒன்றைக் கனடாக்காரர் பனியில் ஆள் இழுக்கப் பழக்குகிறார்களாம், பழக்குகிற ஆள் உன் அப்பாவாம்! நான் விறைத்துப்போனேன், குளிரால் அல்ல.

காலில் இரண்டு நீளப் பலகையைப் பூட்டிக்கொண்டு ஸ்கீ போகிறார்கள் என்று முன்பு எழுதினேனே, அப்படி நிற்கிற ஆளை லாமா கயிற்றால் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். அப்பா நாலு மாதமாகப் பாடுபட்டிருக்கிறார். முதலில் கூடவே நடந்து, பிறகு பின்னால் சரசரக்கிற சத்தத்துக்கு மிரளாமல் இருக்கப் பழைய டயர் ஒன்றை இழுக்க வைத்து, கடைசியில் தானே பலகையில் ஏறி விழுந்து எழும்பி. எண்ணெய் தேய்த்துவிடும்போது கண்ட கறுத்த தழும்பெல்லாம் பெட்டி தூக்கியது என்றார், நானும் நம்பினேன். அன்று காலை கொட்டிலுக்குள் அதன் கழுத்தைத் தடவி, நட ராசா, பொறு ராசா என்று கொஞ்சிக்கொண்டு நின்றார். என்னை இந்த முப்பது வருசத்தில் அப்படி ஒருநாள் கூப்பிட்டிருப்பாரா?

உன்னைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் பேப்பருக்கு அப்பாவின் வேலைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி, விழா முடியத் தருகிறேன் என்று கிளடிஸ் சொல்லியிருந்தார். சனம் கூடியதும் கிளடிஸ் தானே பலகையில் ஏறிக் கயிற்றைப் பிடித்தார். லாமா நன்றாகத்தான் புறப்பட்டது. திரும்பும் இடத்தில் யாரோ கைதட்ட, வெருண்டு வேலிப் பக்கம் பாய்ந்துவிட்டது. கிளடிஸ் தன் பாஷையில் கத்துகிறார், அது காதில் வாங்கவில்லை. அப்பாவும் வெள்ளைக்காரர் முன்னால் தமிழ் பேச வெட்கப்பட்டு ஸ்டொப், ஸ்டொப் என்றே கத்துகிறார். அந்தச் சொல்லை அது பழகத் தொடங்கிய நாள் தொட்டுக் கேட்டிருந்தால்தானே! முள்ளுக்கம்பி வேலிக்குப் பத்தடிதான் இருக்கும். எனக்கு எங்கிருந்து தொண்டை வந்ததோ தெரியாது, பொறு ராசா, பொறுடா என்று குழறினேன். அப்படியே நின்று, முழங்கால் மடித்துப் படுத்துவிட்டது. கிளடிஸ் அதன் மேலாகப் போய்ப் பனிக்குள் தலைகுப்புற விழுந்தார், அசையவில்லை.

மகள், உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். அந்த மனுசியின் உயிர் இருக்கிறதா என்று முதலில் நான் நினைக்கவில்லை, உனக்குத் தேவையான வேலைக் கடிதம் போச்சே என்றுதான் நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கொஞ்ச நேரத்தில் எழும்பினார், மூக்கில் மட்டும் இரத்தம். என்ன சொல்லி நிறுத்தினாய் என்று என்னைக் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, தனக்கு இங்கிலிஷ் சரளமாகப் பேச வராது என்று வேலையால் நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் ஒளித்து ஒளித்து எல்லாவற்றையும் தமிழிலேயே பழக்கிவிட்டதாக ஒப்புக்கொண்டார். கிளடிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நாங்களும் வந்துவிட்டோம். இரண்டு நாள் அப்பா சாப்பிடவில்லை.

நேற்று தபாலில் கடிதம் வந்தது. அப்பா வாசித்துத் தமிழில் சொன்னார். கனகசிங்கம் என்னிடம் நிரந்தரமாக வேலை செய்கிறார், என் மிருகங்களுக்கு அவருடைய மொழி மட்டுமே தெரியும், ஆகையால் அவரை நிறுத்த என்னால் முடியாது என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். அதன் பிரதி இதனுடன் வருகிறது.

பிள்ளையார் துணையிருப்பார், நீ சீக்கிரம் வந்து சேர். எம்பசியில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் தயங்காமல் உள்ளதைச் சொல், சிரித்து மட்டும் விடாதே.

என்றும் உன் நன்மையே நினைக்கும்
அம்மா தவமலர்