உறியில் இருந்த பூசணி

1942 ஜூன் 14, திண்டிவனம்

டீச்சராகச் சேர்ந்திருக்கிற பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற தூரத்தில் வீடு கிடைத்துவிட்டது. வீட்டுக்காரி காந்திமதி அக்கா, தனி ஆள். புருஷன் வெங்கடாசலம் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவர். போன வருஷம் சிங்கப்பூர் போனார். அந்த ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து கடிதம் இல்லை.

எனக்கு ஒரு அறை, சாப்பாடும் அக்கா கையால். எல்லாம் சரி. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் வெண்பூசணி, வரிசையாக! உறியில் தனியாக ஒன்று வேறு. எலிக்குப் பயந்து தொங்கவிட்டிருப்பாள் போல. இரண்டு வருஷம் டிரெயினிங் ஸ்கூல் ஹாஸ்டலில் பூசணிக் கூட்டே தின்று, இனி இந்த ஜென்மத்துக்குப் போதும் என்று விழுப்புரத்துக்கு ரயிலேறி வீடு வந்தவள் நான். இருதயமேரி, உன் தலையெழுத்து.

ஜூன் 15

பூசணிக் கூட்டு.

ஜூன் 16

பூசணி மோர்க்குழம்பு. கோழிக்குப் போட்டேன். கோழியும் தின்னவில்லை.

ஜூன் 23

தபால்காரர் அந்தோணிசாமி அண்ணன் இன்றும் வாசலில் நின்று இல்லை என்று தலையாட்டினார். அக்கா உள்ளே போய் ஒரு பூசணியும் கத்தியும் கொண்டுவந்து வைத்தாள்.

"லெட்டர் இல்லன்னா இன்னாங்க, வந்ததுக்கு இத ஒரு வெட்டு வெட்டிட்டுப் போங்க."

முழுப் பூசணியைப் பெண் வெட்டக் கூடாதாம். ஆண் கையால் முதல் வெட்டு விழுந்த பிறகுதான் மீதியை இவள் நறுக்குவாள். அண்ணனும் பையை இறக்கி வைத்துவிட்டு, பூசை செய்கிற சாமியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் அப்புறம் யோசித்தேன். மாதக்கணக்காக 'இல்லை' என்று சொல்லவே வருகிற மனுஷன். அவர் கூசிப்போய்த் திரும்பாமல் இருக்க, அவருக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறாள். நானாக இருந்தால் அவரைக் கண்டதும் கதவைச் சாத்தியிருப்பேன். இவள் பெரிய மனசுக்காரி.

ஆகஸ்ட் 15

என்ன எழுதுவது? எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காலையில் மாதா திருநாள் பூசை முடிந்து வந்தேன். தலைவர்களைப் பிடித்ததற்காக ஊரெல்லாம் கடையடைப்பு, ஒரு கத்தரிக்காய்கூடக் கிடைக்கவில்லை. அக்கா விடிந்ததும் பிரம்மதேசம் கோயிலுக்குப் போயிருந்தாள். நடந்து களைத்து வருவாள், ஒரு நாளாவது நாம் சமைத்து வைப்போம் என்று பார்த்தால் கட்டிலடியில் காய் தீர்ந்திருந்தது. உறியில் இருந்ததை இறக்கினேன். ஆண் கை வேண்டுமாமே? நான் வேதக்காரி, எனக்கென்ன என்று ஒரே போடு. அதில் பெருமை வேறு.

அக்கா வந்தாள். இரண்டு பாதியையும் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அவுரு போறப்ப போட்டுட்டுப் போன வெதையில காய்ச்ச மொதக் காய், டீச்சர். வந்து அவுருதான் வெட்டணும்னு வச்சிருந்தேன்."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நான் இன்னா பண்ணிட்டேன்? மாதாவே, இன்னா பண்ணிட்டேன்? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஊருக்கெல்லாம் பேசுற வாயி, அப்ப மட்டும் எங்க போச்சு? அவருக்கு ஏதாவது ஆனா — இல்ல, எழுத மாட்டேன்.

அக்கா சாப்பிடவில்லை. நானும்.

ஆகஸ்ட் 16

பெட்டியைக் கட்டிவிட்டேன், விழுப்புரத்துக்கு அப்பா வீட்டுக்கே போய்விடுவது என்று. சமையல் பக்கம் சரக் சரக் என்று சத்தம். அக்கா பூசணியைத் துருவிக்கொண்டிருந்தாள். என் பெட்டியைப் பார்த்தாள்.

"அத்தக் கீழ வச்சிட்டு அடுப்ப ஊதுங்க. வெட்டுன காய எத்தினி நாளு வச்சிக்கினு இருக்கிறது?"

துருவலைப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீரையும் கொட்டவில்லை, மோரும் உப்பும் சேர்த்து எனக்கே ஒரு டம்ளர். துருவலைப் பாலில் வேகவிட்டாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தாள். அதை நான் அறிவேன். இந்தச் சர்க்கரைப் பஞ்சத்தில், அவர் வந்தால் காபிக்கு என்று சிறுகச் சிறுகச் சேர்த்தது. வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

"வுடுங்க. அவுரு வரட்டும், சக்கரையா பெருசு?" என்று அடி வரைக்கும் கவிழ்த்துவிட்டாள்.

நெய்யை விட்டு விட்டுக் கிளறக் கிளற, அந்தச் சோகை பிடித்த காய் கண்ணாடி மாதிரி ஆனது. ஏலக்காய் வாசனையில் எனக்கு அழுகை நின்றுபோனது. தண்டனை என்று நினைத்துத்தான் முதல் வாயைப் போட்டேன். மூன்றாவது தடவை கேட்டு வாங்கினேன். வெட்கமாக இருந்தது, குற்றவாளிக்கு இவ்வளவு பசி ஆகாது. அக்கா சிரித்தாள். சிரித்தாள் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்றோடு ஆடி முடிகிறது என்று விதைகளைக் காயக்கூட விடாமல் சாம்பலில் புரட்டினாள். குழி நான் தோண்டினேன். கையெல்லாம் கொப்புளம். இந்தக் கொடி முளைக்காவிட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

1943 ஜனவரி 22

கூரையில் பதினொரு காய்! அண்ணன்தான் முதல் வெட்டு. சர்க்கரை கிடைக்காததால் வெல்லம் போட்டு அல்வா, அதுவும் தேவாமிர்தம். இப்போது கூட்டுகூட எனக்குப் பிடித்துவிட்டது. ஹாஸ்டலில் தப்பு காய்மேல் இல்லை, சமையல்காரர்மேல்.

அக்கா இருப்பதிலேயே பெரியதை உறியில் வைத்தாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அக்டோபர் 9

அந்தோணிசாமி அண்ணன் தெருக்கோடியிலிருந்தே ஓடி வந்தார். ஒரு கார்டு. ஜப்பான்காரன் காவலில் இருக்கிறாராம், அச்சடித்த இரண்டு வரி, கீழே அவர் கையெழுத்து. உயிரோடு இருக்கிறார்!

இத்தனை நாளில் அக்கா அழுது இன்றுதான் பார்த்தேன். அண்ணனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காய் எங்கம்மா?" என்றார்.

1944 ஜனவரி 30

உறியில் புதுக் காய். நானே ஏற்றி வைத்தேன்.

1945 நவம்பர் 25

விழுப்புரம் ஜங்ஷனுக்கு நாங்கள் இருவரும் போய் அழைத்து வந்தோம். சிப்பாய்க் கூட்டத்தில் எலும்பும் தோலுமாக இறங்கியவரை நான் அடையாளம் கண்டிருக்க மாட்டேன். அக்கா எப்படித்தான் கண்டாளோ, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அவருடைய வலது கையில் இரண்டே விரல்கள். அவர் அதைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். அவள் துண்டை எடுத்துவிட்டு அந்தக் கையையே பிடித்துக்கொண்டாள். ரயிலில் திண்டிவனம் வரும் வரைக்கும் விடவில்லை. நடந்த கதையெல்லாம் சொன்னாள், என் வீரப்பிரதாபம் உட்பட. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உறியை இறக்கி, இந்த வருஷத்துக் காயையும் கத்தியையும் அவர் முன்னால் வைத்தாள். நான்கு வருஷக் காத்திருப்பு. அவர் கத்தியைப் பிடித்துப் பார்த்தார். வழுக்கியது. இன்னொரு தரம் முயன்றார். அக்கா அடுப்பை ஊதுகிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

அவர் கத்தியை என் பக்கம் நகர்த்தினார்.

"மொதக் காய வெட்டுன கை இதானே? வெட்டுங்க டீச்சர்."

நான் அக்காவைப் பார்த்தேன். சாஸ்திரமும் ஆண் கையும் இப்போது எங்கே என்று கேட்கலாம் போலிருந்தது, கேட்கத் தைரியம் வரவில்லை. அவளோ துருவுபலகையை எடுத்து என் பக்கத்தில் போட்டாள்.

"ஜல்தி ஆவட்டும் மேரி, அடுப்பு எரிஞ்சிக்கினு கீது."

மூன்று வருஷத்தில் முதல்தடவையாக மேரி என்றாள். வெட்டினேன்.

அவர் வயிறு கஞ்சிக்குமேல் எதையும் தாங்காது என்று பட்டாள டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறாராம். அக்கா நுனி விரலால் ஒரு துளி அல்வா கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். பிறகு அந்த இரண்டு விரல் கையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.