ஒரு பகல் வீட்டுக்காரி

மார்ச் 3

பக்கத்து வீட்டு வெர்னா வந்தாள். வங்கி ஆள் அவள் வீட்டுக்குப் போட்ட விலை எங்கள் வீட்டு விலையைவிட ரொம்பக் குறைவு. இரண்டும் ஒரே மாதிரி கட்டியவை. அவள் சமையலறை புதுசு வேறு. அந்த விலைக்கு வீட்டை அடகு வைத்தால் போதுமான லோன் கிடைக்காது, மகள் கிளாரிஸ் கல்லூரிக்குப் போக முடியாது. வேறு வங்கியில் கேட்டிருக்கிறாள்.

"இந்தத் தடவை நீ வீட்டுக்காரியா நில்லு, மார்லீஸ். கறுப்பு மூஞ்சியப் பாத்தாலே அவங்களுக்கு விலை இறங்கிடுது."

கிளீவ்லாந்து முழுக்க இதே கதைதானாம். என் வெள்ளை முகம் ஒரு நல்ல காரியத்துக்காவது உதவட்டும் என்று ஒப்புக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மார்ச் 9

வெர்னா வீட்டுப் படங்களைக் கழற்றி என் பிள்ளைகளின் படங்களை மாட்டினோம்.

"உன் பையன் என் ஹாலுக்குப் பொருத்தமாத்தான் இருக்கான். வாடகை வாங்கிடணும்" என்றாள் வெர்னா. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

மார்ச் 10

விலை போட வந்தவர் தன்மையான மனிதர். வெர்னாவும் அவள் கணவர் கர்டிஸும் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர் ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுல அவங்களா?"

"வாடகைக்குத்தான் இருக்காங்க. கோடையில காலி பண்ணிடுவாங்க."

தலையாட்டினார். வெர்னாவுக்காகத்தானே சொன்னேன்? விலை ஏறட்டும்னுதானே? ஆனா இப்படிச் சொல்லுன்னு யாரும் சொல்லிக்கொடுக்கலையே. எப்படி அவ்வளவு சுலபமா வந்துச்சு?

மார்ச் 19

நல்ல விலை. லோன் உறுதி. வெர்னா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அப்படி என்னதான் சொன்ன அந்தாளுகிட்ட?"

சொன்னேன்.

என் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டாள். "சரி, காரியம் ஆச்சுல்ல" என்றாள். படங்களைத் திரும்ப மாட்ட நான் உதவ வேண்டாமாம்.

மார்ச் 24

வெர்னா வரவில்லை.

ஏப்ரல் 16

மாடியில் அறை கட்ட நாங்களும் லோன் கேட்டிருக்கிறோம். நாளை எங்கள் வீட்டுக்கு விலை போட ஆள் வருகிறார். சாப்பிடும்போது என் கணவர் டேல் சொன்னார்: "அந்த நேரத்துல அவங்க வெளிய உட்காராம இருந்தா நல்லது. நீ சொல்லிப் பாரேன்."

"புருஷன்னுகூடப் பாக்க மாட்டேன். வெக்கமா இல்ல?" என்று கத்திவிட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 17

காலையில் வெர்னாவே வந்தாள். கர்டிஸ் காரில் காத்திருந்தார்.

"தங்கச்சி வீட்டுக்குப் போறோம், சாயங்காலம்தான் வருவோம். உங்களுக்கு விலை போட இன்னிக்குத்தானே வர்றாங்க? டேல் சொன்னாரு."

குரலில் கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. போகாதே, உன் வராந்தாவில் உட்காரு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ரொம்ப தேங்க்ஸ், வெர்னா" என்றேன்.