சலவை அறைப் பலகை

வியாழன், ஜனவரி 16

பட்டாணி சூப் தட்டிலேயே ஆறிப்போனது. பாதிச் சாப்பாட்டில் தூலிக்கி தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்க்கும் செவிலி. இந்த ஊரில் என்னை வாய்விட்டுத் திட்டும் ஒரே ஆள்.

செவ்வாய் இரவு, அங்கே தங்கியிருக்கும் முதியவர் ஆல்கோட் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்திருக்கிறார். கையில் கட்டியிருக்கும் அவசர அழைப்புப் பொத்தானை அமுக்கியிருக்கிறார். எங்கும் மணி அடிக்கவில்லை. மணிகளை இயக்கும் கணினி அந்த நேரம் பார்த்து அப்டேட் முடித்து, நின்று, மறுபடி கிளம்பிக்கொண்டிருந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் தூலிக்கி சுற்றி வரும்வரை குளிர்ந்த தரையில் நனைந்த உடுப்போடு கிடந்தார்.

"அவரு கோவப்படல, யோர்டிஸ். தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோம்மான்னாரு. அதத்தான் தாங்க முடியல."

நகராட்சியின் எல்லாக் கணினிகளுக்கும் பராமரிப்பு நேரம் குறிப்பது என் வேலை. நான் குறித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். முன்பு இடத்துக்கு ஒரு நேரம் வைத்திருந்தேன். இலையுதிர் காலத்தில் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்த ஸ்டெல்லான் அதை ஒழித்தார். மாதம் ஒரு செவ்வாய், நள்ளிரவுக்குப் பிறகு, ஊரே ஒரே வீச்சில். எல்லோரும் தூங்கும் நேரமாம். தூலிக்கி தூங்குகிறாளா என்று அன்றைக்கே கூட்டத்தில் கேட்டேன். எல்லோரும் பிஸ்கட் தட்டைப் பார்த்தார்கள்.

வெள்ளி, ஜனவரி 17

ஸ்டெல்லானிடம் போனேன். வருத்தப்பட்டார், உண்மையாகவே. ஆனால் ஒரே விதி, ஒரே நேரம். ஒவ்வொருவரையும் கேட்கப் போனால் முடிவே வராது என்றார். அடுத்த மாதம் இல்லத்தை அந்த வீச்சில் சேர்க்க மாட்டேன் என்றேன்.

"அப்ப வேற யாராவது சேர்ப்பாங்க, யோர்டிஸ்."

"சேர்க்கட்டும். அன்னிக்கு ராத்திரி நீங்க போய் ஆல்கோட் பக்கத்துல உக்காருங்க."

கதவைச் சாத்தாமல் வந்தேன். சாத்தியிருந்தால் அறைந்து சாத்தியிருப்பேன்.

ஞாயிறு, ஜனவரி 19

எங்கள் குடியிருப்பின் பொதுச் சலவை அறையில் நேரம் பதிவு செய்யத் தொடுதிரை மாட்டிவிட்டார்கள். பழைய பலகை குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், பனியில் கிடந்தது. நாளும் நேரமும் கட்டம் கட்டமாக, கட்டத்துக்கு ஒரு துளை. வீட்டுக்கு ஒரு மரக்குச்சி. துவைக்க வேண்டிய நேரத்தில் குச்சியைச் செருகினால் அந்த நேரம் உன்னுடையது. பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம். யாரும் பிடுங்குவதில்லை.

நான்காம் மாடி லென்னார்ட் ஒரு தடவை அடுத்தவர் குச்சியை நகர்த்திவிட்டார். அவரோடு லிஃப்டில் இன்றும் யாரும் பேசுவதில்லை. லிஃப்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லைதான். ஆனால் அவரோடு பேசாமலிருப்பது வேறு மாதிரி.

பலகையைக் காலால் உந்தும் பனிச்சறுக்கு வண்டியில் கட்டி, தெருப் பனியில் சறுக்கியபடி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். என்னதான் செய்யப் போகிறேன் என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது.

செவ்வாய், ஜனவரி 21

காபி அறையில் மாட்டியாயிற்று. எல்லா இடங்களுக்கும் சொல்லிவிட்டேன்: உங்கள் கணினி நின்றால் உங்களுக்கு வலிக்காத நேரம் எதுவோ, நீங்களே வந்து குச்சியைச் செருகுங்கள். நூலகம் வந்தது. பள்ளிச் சமையலறை வந்தது. பனி அகற்றும் பிரிவு குச்சியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டது. வானத்தைக் கேட்டுச் சொல்கிறார்களாம்.

தூலிக்கி விடுப்பு நாளில் பேருந்து பிடித்து வந்தாள். புதன் காலை பத்து மணிக் கட்டத்தில் செருகினாள். பட்டப்பகலிலா என்று கேட்டேன்.

"அப்பதான் எல்லாரும் கூடத்துல காபி குடிப்பாங்க. எல்லாரும் எங்க கண்ணு முன்னால. ராத்திரி நான் ஒருத்தி, நீளமா ஒரு தாழ்வாரம். எது அமைதியான நேரம்னு நீயே சொல்லு."

இதை ஏன் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை?

வியாழன், ஜனவரி 23

ஸ்டெல்லான் பலகையைப் பார்த்து "சுவாரசியமா இருக்கு" என்றார். எங்கள் ஊரில் இதற்குமேல் கடுமையான சொல் கிடையாது.

செவ்வாய், பிப்ரவரி 4

எழுத்துமூலம் எச்சரிக்கை. கீழ்ப்படியாமை. பழையபடி ஒரே வீச்சில் குறிக்காவிட்டால் தொலைபேசி உதவிப் பிரிவுக்கு மாற்றம். கடவுச்சொல் மறந்தவர்களுக்கு ஓய்வு பெறும்வரை பதில் சொல்ல வேண்டியது.

அனுப்பட்டுமே. போய் உக்காந்துக்கறேன். அந்தாளு தரையில கிடந்து மன்னிப்புக் கேட்டாரு, நான் ஒரு நாற்காலிக்குப் பயப்படணுமா? பயம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா குறிக்க மாட்டேன்.

திங்கள், பிப்ரவரி 10

பலகையில் இருந்தபடியே கணினியில் குறித்தேன். காபி இடைவேளையில் ஸ்டெல்லான் வந்தார். நாளை இரவுக்குத் தானே மாற்றிவிடப் போவதாக எல்லோர் முன்னிலும், மென்மையாகச் சொன்னார். அவருக்கு அந்த உரிமை உண்டு. உட்கார்ந்த இடத்தில் இரண்டு சொடுக்கு, அவ்வளவுதான்.

எழுந்தேன். கோப்பையை மேசையில் வைத்தேன்.

"மாத்துங்க. ஆனா முதல்ல இங்க மாத்துங்க. அந்தக் குச்சிய உங்க கையால எடுத்துட்டு அப்புறம் கணினிக்குப் போங்க."

ஸ்டெல்லான் பலகைப் பக்கம் போனார். அவரும் எங்கேயோ ஒரு வாடகைக் குடியிருப்பில், இப்படியொரு பலகையைப் பார்த்து வளர்ந்தவர்தானே. புதன் பத்து மணிக் குச்சிவரை கை போனது. தூலிக்கி அவசரத்தில் செருகியது, சற்றுச் சாய்ந்திருந்தது. அதை நேராக்கினார். கையை எடுத்துக்கொண்டார். காது சிவந்திருந்தது. காபி ஊற்றிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கழிப்பறையில் போய் அழுதேன்.

புதன், பிப்ரவரி 12

செவ்வாய் இரவு எதுவும் நிற்கவில்லை. இன்று பத்து மணிக்கு இல்லத்தின் கணினி நின்றது, கிளம்பியது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் இருந்த தூலிக்கி ஆல்கோட்டைப் பொத்தானை அமுக்கச் சொல்லியிருக்கிறாள். மணி அடித்தது. நான்கு பேர் ஓடி வந்தார்கள். வந்ததுதான் வந்தீர்கள், இன்னொரு பன் கொடுங்கள் என்றாராம். மன்னிப்புக் கேட்கவில்லை.

எச்சரிக்கைக் கடிதத்தை யாரும் திரும்பப் பெறவில்லை. இருக்கட்டும்.

சாயங்காலம் காபி அறை விளக்கை அணைக்கப் போனபோது பலகையில் புதிதாக ஒரு குச்சி. புதுமரம், கத்தியால் சீவியது, அதில் ஸ்டெல்லானின் பெயர், அவருடைய சின்னக் கையெழுத்தில். அவர் கணினிக்கு வெள்ளி மூன்று மணி. சர்வரைச் சுத்தம் செய்ய நான் மனதுக்குள் எடுத்துவைத்திருந்த நேரம்.

அதைத் தொடாமல், என் குச்சியைத் திங்கட்கிழமையில் செருகிவிட்டு வந்தேன்.