அம்மாவின் காலடியில் இருந்த ஈரம்

அன்பு மகள் முத்தமிழுக்கு, வேப்பந்தட்டையிலிருந்து அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம் என்று எழுத இந்தத் தடவை எனக்கு மனசு வரவில்லை பாப்பா. ஃபோனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே படுத்திருக்கிறாள், எதையும் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், தனியாக இருக்கும்போது படி.

நம் பழைய காரில் தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தது உனக்குத் தெரியும். அம்மாவை டயாலிசிஸுக்குப் பெரம்பலூர் அழைத்துப் போக அந்தக் கார்தான், பஸ் படி ஏற அவளால் முடியாது, திரும்பும்போது தலையே நிற்காது. கிளம்பும்போது ரேடியேட்டரை நிரப்பினாலும் எசனை போவதற்குள் சூடு காட்டும் முள் ஏறிவிடும். மெக்கானிக் ராசாங்கம் ஹோஸ் மாற்றினார், கிளிப்பை இறுக்கினார், மூடியும் புதிதாகப் போட்டார். வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை, தண்ணீர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. போன வாரம் எசனைக்குப் பக்கத்தில் பானட்டிலிருந்து ஆவி கிளம்பி வண்டி நின்றேவிட்டது. வெயிலில் ரோட்டோரம் அவளை உட்கார வைத்துக்கொண்டு வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினேன். ஒருவழியாக ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அவள் முறை போய்விட்டது, மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் விடிவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது, ஆம்புலன்ஸில் கொண்டுபோய் ஐசியூவில் சேர்த்தேன். உன்னிடம் சாதாரணக் காய்ச்சல் என்று சொன்னது பொய்.

அவள் உள்ளே கிடக்க, நின்றுபோன காரை இழுத்துக்கொண்டு நான் ராசாங்கத்தின் பட்டறையில் போய் நின்றேன். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தார், மீட்டர் முள் இறங்கியது, எங்கோ ஓட்டை இருக்கிறது என்றார், ஆனால் வெளியே எங்கும் கசியவில்லை. ஹெட் கேஸ்கட் போயிருந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்றார். ஆயிலைப் பார்த்தார், தண்ணீர் கலக்கவில்லை, புகையும் வெள்ளையாக வரவில்லை, அதனால் கேஸ்கட் இல்லை என்றார். அப்புறம் என்னிடம் "அண்ணே, உள்ள உக்காந்தவங்க யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் அம்மா சொல்லிக்கொண்டேதான் இருந்தாள், "காலுக்குக் கீழ நசநசன்னு இருக்குங்க, என்னமோ இனிப்பா வாடை வருது" என்று. பாதம் மரத்துப் போனதால் அவளுக்கு அப்படித் தோன்றுகிறது என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ராசாங்கம் முன்சீட்டில் அவள் கால் வைக்கும் இடத்து விரிப்பைத் தூக்கினார், ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. டேஷ்போர்டுக்குள் ஹீட்டருக்கென்று ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறதாம், அது ஓட்டையாகி உள்ளேயே ஒழுகியிருக்கிறது. நம் ஊர் வெயிலில் ஹீட்டரை யாரம்மா போட்டார்கள். அதற்குப் போகிற இரண்டு ஹோஸையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துவிட்டார், அவ்வளவுதான் வேலை.

அந்தக் காரிலேயே அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். "இப்ப ஈரம் இல்லீங்க" என்றாள். அடுத்த முறைக்குக் கிளம்பச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்குப் போதுங்க, ஊசி குத்தக் கையில எடம் இல்ல, உங்களையும் ரோட்டுல நிக்க வச்சுட்டேன், வுட்டுடுங்க" என்கிறாள். கெஞ்சிப் பார்த்தேன், சத்தம் போட்டும் பார்த்தேன். முகம் மறுபடி வீங்கத் தொடங்கிவிட்டது, இப்படியே விட்டால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று காலையும் வண்டியை வாசலுக்குக் கொண்டு வந்து, ஸ்டார்ட் செய்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முள் ஏறவே இல்லை. அவள் வரவில்லை. அப்புறம் நானே சுற்றி வந்து கதவைச் சாத்தினேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம் என்று சொல். நீயும் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் பட்டினி கிடக்காதே, நம் குலசாமி உங்கள் இருவருக்கும் துணை நிற்கட்டும். இதைப் படித்ததும் ஃபோன் செய், என்னிடம் பேச வேண்டாம், அவளிடம் கொடுக்கச் சொல். என்ன சொல்வாயோ எனக்குத் தெரியாது பாப்பா, எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா செல்லதுரை