மதினி படித்துக் காட்டிய பதில்

மதினி, நீங்கள் கண்மூடும்வரை சேர்த்து வைத்திருந்த பெண்கள் பத்திரிகைகளை உங்கள் மகன் நேற்று ஒரு சாக்கில் கொண்டுவந்து இறக்கினான். "எடைக்குப் போட மனசு வரல அத்தை, அம்மா கை பட்டது" என்றான். அவிழ்த்ததும் ஏலக்காய் வாசம். போடியில் எதுதான் மணக்காது! ஆனாலும் இது நாம் வேலை பார்த்த ஏலக்காய்க் கிட்டங்கி வாசம்.

மலையிலிருந்து ஜீப்பு மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனதும் வட்டமாக உட்கார்ந்து தரம் பிரித்துக் காய் பொறுக்குவோம். நீங்கள் சத்தமாக வாசிப்பீர்கள். வாசிக்கிறவளுக்குக் கூலி குறையக் கூடாதென்று பொறுக்கிய காயில் ஆளுக்கொரு பிடி உங்கள் சுளகில் போடுவோம். அது நம் வழக்கம். கேக் செய்முறை வந்தால் வாய் பிளந்து கேட்போம்.

"ஓவன்னா என்னா மதினி?"

"அது கெடக்கட்டும்டி. வாசத்தை மட்டும் நெனச்சுக்க."

நினைத்துக்கொள்வோம். மலை மஞ்சு உள்ளே இறங்கியதுபோல் எல்லாம் மங்கலாகிவிடும். கைகள் மட்டும் தாமாகக் காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்.

கட்டிக்கொடுத்த ஊரான தேவாரத்தில் புருஷனிடம் அடிபட்டு, கைக்குழந்தையோடு நான் அப்பா வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது. திரும்பக் கொண்டுபோய் விடுவதிலேயே குறியாக இருந்தார் அப்பா. அன்று நீங்கள் கேள்வி பதில் பக்கம் வாசித்தீர்கள். என்னைப் போலவே அடிபட்ட எவளோ ஒருத்தி, போவதா வேண்டாமா என்று கேட்டிருந்தாள். பதிலை நிறுத்தி நிதானமாகப் படித்தீர்கள்: "சகோதரி, அடிக்கிற வீட்டுக்குத் திரும்பாதே. உழைக்கக் கை இருக்கிறது. பிள்ளையை நீயே வளர்."

சாயங்காலம் வீட்டுக்கே வந்து அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினீர்கள். "பத்திரிகையிலயே போட்டுட்டாக மாமா, இனி என்னா?" அச்சில் வந்ததை மறுத்துப் பேச அப்பாவுக்குத் தெரியாது. நான் போகவில்லை.

இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள் என் மகள். இன்று மதுரை ரயிலில் வந்து இறங்கியவள், சாக்கைக் கவிழ்த்துத் தேடி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கேள்வி அதேதான். பதிலை அவள் வாசித்தாள்: "ஆண்கள் கோபக்காரர்கள்தான். அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டுப் பொறுமையாக இருங்கள்." அதற்குக் கீழேயே கத்தரிக்காய் கொத்சு செய்முறை.

"நீ சொன்ன பதிலு எங்கேம்மா?"

எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. இதை நம்பி எத்தனை பேர் திரும்பிப் போனார்களோ! பிறகு சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மதினி, அந்தப் பதிலைப் படித்தபோது வரிக்கு வரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள். எனக்காக மனசு வருந்தித்தான் பார்க்கிறீர்கள் என்று அன்று நினைத்துக்கொண்டேன். இனி நான் சாகும்வரை அந்தப் பார்வை என்னோடு இருக்கும்.