அடிபம்ப்பு பெரியது, சர்ச் சின்னது

லிங்கராஜபுரம்,
பெங்களூர்-84
23-2-1999

அன்பு மகள் ஷோபாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நல்ல சுகம், மஸ்கட்டில் உன்னையும் கர்த்தர் அப்படியே வைத்திருப்பார் என்ற நம்பிக்கையோடு உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகுப்பு உன் அம்மாவிடமே இருக்கிறது, இந்த வருடம் முடியும்வரை அவள் நடத்தும் முறையிலேயே நடக்கும். பள்ளியின் கரஸ்பாண்டன்ட் மைக்கேல்ராஜ் கையெழுத்துப் போட்ட உத்தரவை நேற்று மாலை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள், நானே வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த மாதம் நீ போன் செய்தபோதெல்லாம் இங்கே விசேஷம் ஒன்றுமில்லை என்று சொல்லிவந்தோம். நைட் டியூட்டி பார்க்கிற பிள்ளைக்கு இதை வேறு எதற்குச் சொல்வது என்று அம்மாதான் தடுத்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

உன் அம்மா ஜூனில் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு வகுப்பையே மாற்றிவிட்டாள் என்று உனக்குத் தெரியும். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்தாள். ஈரக் கைக்குட்டையை வெயிலில் ஒன்றும் நிழலில் ஒன்றும் கட்டி எது முதலில் காய்கிறது என்று பார்க்கச் சொன்னாள், கேழ்வரகைக் கொட்டாங்கச்சியில் முளைக்கவிட்டாள், டிசம்பரில் அவரைக்காய் வந்ததும் ஒரு கூடை வாங்கிப்போய் உரித்து எண்ணவும், பத்துப் பத்தாகக் குவிக்கவும் கற்றுக்கொடுத்தாள். தொல்லை அதில்தான் ஆரம்பித்தது. நம் பக்கத்தில் பெற்றவர்கள் பள்ளிக்கூடத்தை அளப்பது பிள்ளையின் நோட்டை வைத்துத்தான், பக்கம் நிறைந்து கீழே சிவப்பு மையில் குட் இருந்தால் படிப்பு நடக்கிறது என்று அர்த்தம். இவள் பிள்ளைகளின் நோட்டில் பாதி வெள்ளையாக இருந்தது, கையில் மண், நகத்தில் அவரைத்தோல் வாசம். டோரதி டீச்சர் தன் வீட்டுக் குழம்புக்குப் பிள்ளைகளை விட்டு அவரை உரிக்க வைக்கிறாள் என்று ஜீவனஹள்ளி முழுக்கப் பேச்சு. அதை யார் கிளப்பியது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை, ஆனால் அம்மாவுக்கு வலித்தது அதுதான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ரயில்வே கேட்டருகே ஆட்டோ ஓட்டும் வெங்கடசாமியின் மகள் மமதா அந்த வகுப்பில் படிக்கிறாள். அவர்தான் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கி மைக்கேல்ராஜிடம் மனுக் கொடுத்தவர். கெட்டவர் இல்லை, ஷோபா. தான் படிக்காததால் மகள் எழுதுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறார், அவ்வளவுதான். மைக்கேல்ராஜ் உன் அம்மாவைக் கூப்பிட்டு, சனிக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கட்டும், அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் வகுப்பை வேறு டீச்சரிடம் கொடுத்துவிட்டு உங்களைத் தையல் வகுப்புக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார். வந்து பார்க்கிறவர்களுக்காக நோட்டை நிறைத்து வைக்கலாமே என்று நான் சொன்னேன். நடக்கிற பாடத்தைத்தான் காட்டுவேன் என்றாள். நடந்துகொண்டிருந்தது நம் ஏரியாவின் வரைபடம்.

சனிக்கிழமை நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். வகுப்புத் தரை முழுக்கச் சாக்பீஸில் தெருக்கள், வீடுகளுக்குத் தீப்பெட்டி, கடைகளுக்குச் சோப்பு டப்பா. பிள்ளைகள் தாங்களே பேசிவைத்துச் செய்தது. சர்ச் ஒரே ஒரு தீப்பெட்டி, மேலே துடைப்பக்குச்சிச் சிலுவை. அடிபம்ப்புக்குப் பெரிய செருப்புப் பெட்டி. வெங்கடசாமி பார்த்ததும் பிடித்துக்கொண்டார். “இன்னா டீச்சர் இது, சர்ச்சு தீப்பெட்டி சைஸு, பம்ப்பு செருப்புப் பொட்டி சைஸு? இதத்தான் கத்துக் குடுக்கறீங்களா?” மைக்கேல்ராஜின் முகமும் சுருங்கியது. வகுப்பு கைவிட்டுப் போனது என்றே நான் நினைத்தேன். அம்மா மமதாவைப் பார்த்து உங்க அப்பா கேட்கிறார், நீயே சொல்லு என்றாள். அந்தப் பெண் கொஞ்சமும் தயங்காமல், “சர்ச்சுக்கு ஞாயித்துக்கிழமதான்ப்பா போவாங்க, பம்ப்புல தெனம் நிக்கிறோம்ல” என்றது. முத்தம்மா என்று ஒரு தாய், மர்பி டவுனில் வீட்டுவேலை செய்கிறவள், சிரித்துவிட்டாள். நிக்கிறவளுக்குத்தான் தெரியும், அந்தப் பொட்டியே பத்தாது என்றாள். வெங்கடசாமி விடவில்லை, நம்ம வீடு எங்கே என்று கேட்டார். மமதா ஒரு தீப்பெட்டியைக் காட்டியது. அப்படியானால் ஆட்டோ ஸ்டாண்டு மட்டும் ஏன் வீட்டைவிட இவ்வளவு பெரிசு என்றார். “நீ அங்கதானப்பா இருக்க.”

வெங்கடசாமி மெதுவாகக் கீழே குந்தினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஸ்டாண்டு கேட்டுக்கு அந்தாண்ட இருக்குது கண்ணு என்று அந்த டப்பாவைத் தூக்கி நகர்த்தி வைத்தார். பக்கத்துப் பையன் உடனே கன்னடத்தில் ஆ கடெ அல்ல, ஈ கடெ என்று இந்தப் பக்கமே திருப்பி வைத்தான். அவன் தாய் உட்கார்ந்தாள், முத்தம்மா உட்கார்ந்தாள், தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் உருதுவிலும் பெரியவர்கள் அத்தனை பேரும் தரையில் குந்தி டப்பாக்களை நகர்த்திச் சண்டை போட்டார்கள். கேட்டிலிருந்து சர்ச் கிட்டவா, பம்ப்பு கிட்டவா என்று பெரிய வாக்குவாதம். கடைசியில் மைக்கேல்ராஜே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சர்ச்சின் வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று திருத்தினார். அப்போதுதான் உன் அம்மா விளக்கினாள். இது நாம் எங்கே எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்று காட்டும் படம், அடுத்த வாரம் கயிறு பிடித்துத் தெருவை அளந்து இன்னொரு படம் போடுவார்கள், அதில் சர்ச் ஏன் வளர்ந்தது பம்ப்பு ஏன் சுருங்கியது என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் வாக்கியத்தில் எழுதும், எழுத்து அங்கே வரும் என்றாள். வெங்கடசாமி எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டு, எழுதறத மட்டும் வுட்றாதீங்க டீச்சர் என்றார். பிறகு ஆபீஸ் அறைக்குப் போய் மனுவைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாராம். அதை நான் பார்க்கவில்லை, மைக்கேல்ராஜ் அம்மாவிடம் சொன்னது.

திரும்பும்போது அம்மா பேக்கரியில் தேங்காய் வைத்த தில்பசந்த் வாங்கினாள், வீடு வருமுன் பாதியைத் தின்றுவிட்டாள். எனக்குக் கொடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை அவளுக்கு. அவளை அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

லெந்து உபவாச நாட்கள் என்று டியூட்டிக்கு நடுவே பட்டினி கிடக்காதே, கர்த்தர் உன்னிடம் அதைக் கேட்கவில்லை. கண்ணாடி பவர் மாற்ற வேண்டும் என்றாயே, தள்ளிப்போடாமல் பார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதலில் அம்மாவிடம் பேசு, நான் எழுதியதைத் தெரியாத மாதிரி கேள், அவளே சொல்லட்டும். நீ போகிற இடமெல்லாம் கர்த்தர் உனக்கு முன்னே போவாராக.

நிலுவையில் இருப்பது இரண்டு. கேட்டுக்குக் கிட்ட இருப்பது எது என்பது வருகிற சனிக்கிழமை காலை கயிறு வந்தால் தெரியும், ஒரு முனையைப் பிடிக்க வெங்கடசாமி ஆட்டோவை நிறுத்திவிட்டு வருகிறார். இதே பிள்ளைகளோடு ஜூனில் மூன்றாம் வகுப்புக்கும் அம்மா போகலாமா என்பதைக் கமிட்டி ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை கூடி முடிவு செய்யும், அதுவரை உறுதி என்று எழுத மாட்டேன். அவள் நேற்றே மூன்றாம் வகுப்பு அறைக்குப் போய்த் தரை போதுமா என்று நடந்து பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
இராஜமாணிக்கம்