வண்டி கிளம்பிவிட்டதாம்

மயிலாப்பூர்
22-6-97

மகன் தணிகாசலத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் வேளைக்கு ஏதோ தின்று எழுந்திருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் ஹம்சாவும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க கபாலி காக்கட்டும். உன் நைனா கண்ணை மூடிய அந்தச் சனிக்கிழமை வீட்டில் இருந்தவர்கள் நான், உன் தங்கை கயல், அவள் புருஷன் புகழேந்தி, உன் சித்தப்பா முனிரத்தினம், பக்கத்து வீட்டு அஸ்மத்துன்னிசா. மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போடும் வலியுல்லா பாய் வந்து போனார். வேறு யார் உன்னிடம் என்ன சொல்லியிருந்தாலும் அது கேள்விப்பட்ட கதை. நைனா முகத்தைக் காட்டாமல் எரித்துவிட்டாய் என்று நீ புகழேந்தியின் சட்டையைப் பிடித்தது உள்ளே எனக்குக் கேட்டது, அன்றைக்கு வாய் திறக்கத் தெம்பில்லை. லீவு இல்லை என்று மூன்றாம் நாளே விமானம் ஏறிவிட்டாய், அதன் பிறகு கயல் எழுதியதற்கும் பதில் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

விடியற்காலையில் உயிர் போனது. ஞாயிறு காலை வந்துவிடுகிறேன், அதுவரை வையுங்கள் என்று நீ போனில் அழுதாய், சரி என்றோம். கத்திரி வெயில். யாரும் கூப்பிடாமலே பாய் மீன்பாடி வண்டியில் பாளம் பாளமாக ஐஸும் மரத்தூளும் ஏற்றி வந்து வாசலில் நின்றார். புகழேந்திதான், வேணாம் பாய், ஃப்ரீசர் பெட்டி சொல்லிட்டேன், மேலே கண்ணாடி இருக்கும், மச்சான் வந்து மாமா முகத்தை நல்லாப் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினான். உனக்காகத்தான் அனுப்பினான்.

பாடை சாமான் கடை கோதண்டபாணியை உனக்கு நினைவிருக்கும். எப்போதும் சாராய நாற்றம், வாயில் நல்ல வார்த்தை வராது. உன் பாட்டி செத்த அன்று, மழையில்தான் சாகணுமா உன் மாமியாளுக்கு என்று என்னைத் திட்டிக்கொண்டே முழங்கால் தண்ணீரில் மூங்கிலைத் தோளில் சுமந்து வந்தான், சிதையில் நெருப்புப் பிடித்த பிறகுதான் வீட்டுக்குப் போனான். இருந்தால் இருக்கிறது என்பான், இல்லாவிட்டால் இல்லை என்பான், நாம் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். அவன் மகன் அந்தக் கடையை மூடிவிட்டு தி.நகரில் ஏசி ரூம் போட்டு, போன் எடுக்க ஒரு பெண்ணை வைத்து இந்தப் பெட்டிகளை வாடகைக்கு விடுகிறான். இப்போது எங்கே போனாலும் இதே கதைதான். கேஸ் கம்பெனியில் வணக்கம் சொல்கிறார்கள், சிலிண்டர் வருவதில்லை. துணிக்கடையில் கலர் சோடா கொடுக்கிறார்கள், சாயம் போன புடவையைக் கொண்டுபோனால் யாரும் முகம் பார்ப்பதில்லை. மரியாதை கூடிப்போனது, காரியம் நடப்பதில்லை.

புகழேந்தி முனையில் இருக்கிற போன் பூத்துக்கு ஓடியபடியே இருந்தான். சாரி சார், வண்டி கிளம்பிடுச்சு சார் என்று ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் சொன்னாளாம். கயல் போய்ப் பேசினாள், என்னை மேடம்னு கூப்பிடுறாம்மா என்று அழுதுகொண்டு வந்தாள். உச்சிவெயில் ஷீட் கூரை வழியாக இறங்கியது. பாய்க்கு ஆள் அனுப்பினோம். அதற்குள் அவரிடம் இருந்ததெல்லாம் மீனுக்குப் போய்விட்டது, மிஞ்சிய ஐஸ் தூளைக் கோணியில் அள்ளி வந்தார், அது நைனா மார்புக்குக்கூடக் காணவில்லை. அஸ்மத்துன்னிசா பச்சைத் தண்ணீர் குடிக்காமல் விசிறிக்கொண்டே இருந்தாள். நைனா முகம் என்ன ஆனது என்று எழுதமாட்டேன், நீ பார்க்காததே நல்லது.

கடைசியில் புகழேந்தி ஆட்டோ பிடித்து தி.நகருக்கே போனான். அவனை நேரில் கண்டதும் அந்தப் பெண் அழுதுவிட்டாளாம். பெட்டி முந்தின நாளிலிருந்து பெசன்ட் நகரில் ஒரு பெரிய வீட்டில் இருக்கிறது, அவர்கள் இன்னும் ஒரு நாள் கேட்டார்கள், யார் கேட்டாலும் வண்டி கிளம்பிவிட்டது என்று சொல்லச் சொல்லி முதலாளி உத்தரவு என்றாளாம்.

பொழுது சாய்கிற நேரம். தூக்கச் சொன்னது நான். உன் சித்தப்பா இல்லை, புகழேந்தி இல்லை. அவன் என் காலைப் பிடித்துக்கொண்டு, "மச்சான் என்னை வுடமாட்டாரு அத்தே, காத்தால வரைக்கும் பாக்கலாம்" என்றான். உன் நைனாவை அந்த நிலையில் இன்னொரு ராத்திரி கிடத்த எனக்கு மனம் வரவில்லை. சனிப் பிணம் துணை தேடும் என்று பாடையில் கோழியைக் கட்டினார்கள், நீ வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பா வைத்தார். நீ சட்டையைப் பிடித்தபோது புகழேந்தி ஏன் பதில் சொல்லவில்லை என்று இப்போது உனக்குத் தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பதினாறாம் நாள் கோதண்டபாணியின் மகன் டை கட்டிக்கொண்டு பழத்தட்டோடு வந்து உட்கார்ந்தான். "ஆயா, அது ரொம்பப் பெரிய எடம். நீங்க நம்ம வூட்டு மனுஷங்க, அட்ஜஸ்ட் பண்ணிப்பீங்கன்னு நெனச்சேன். அடுத்த தபா உங்களுக்கு ஃப்ரீயாவே அனுப்பிடறேன்." சனிப் பிணம் எடுத்த வீட்டில் அடுத்த தபா என்கிறான். இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "உங்கப்பன் என்னைத் திட்டாத நாள் இல்லப்பா, பொய் சொன்னதில்ல. பெட்டி இல்லன்னு காலைல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பாய் தெருமுனை தாண்டியிருக்க மாட்டாரு." அவனுக்கு அது ஏறவில்லை. கார்டு ஒன்றை வைத்தான், சாவு வீட்டில் யாரும் சொல்லாத சொல், போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நீ நன்றாக இரு, உன் குழந்தை நூறு வயது இருக்கட்டும். வெயிலில் தலைக்குத் துணி இல்லாமல் போகாதே. அமாவாசைக்கு நைனா பேரைச் சொல்லி அங்கேயே ஒரு பிடி சோறு வை. புகழேந்திக்கு மறக்காமல் இரண்டு வரி எழுது, அவன் தபால்காரனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். போனில் பேசிய பெண்ணை விட்டுவிட்டேன், அவள் சம்பளத்துக்குச் சொன்னாள். பெசன்ட் நகர்க்காரர்களையும் விட்டுவிட்டேன், அவர்களுக்கும் வரவேண்டிய பிள்ளை இருந்திருக்கும். என் கட்டை வேகிறவரைக்கும் நான் மன்னிக்காதவன் ஒருத்தன், கோதண்டபாணி பெற்ற நெடுஞ்செழியன்.

உன் அம்மா
தாயம்மா